ஆடியில் எடுத்த சேலை

உக்காருங்க தம்பி. அந்தப் பெஞ்சு வேண்டாம், இன்னும் அஞ்சு நிமிசத்துல அங்க வெய்யல் வந்துரும். இக்கட்ட வாங்க. டாக்டரம்மா ரவுண்ட்ஸ் போயிருக்கறாங்க, வர எப்படியும் நாலு மணி ஆயிரும். கையில ஸ்கேன் கவரு வெச்சிருக்கீங்க, தூங்கி நாலஞ்சு நாளான மாதிரி இருக்கறீங்க. எடம் பாக்கத்தானே வந்தீங்க? யாருக்குங்க? அப்பாவுக்கா. செரி செரி.

கேக்கறனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. அப்பாவுக்கு விசயம் தெரியுமா? சொல்லலியா? நல்லதுங்க. சொல்லீராதீங்க. டாக்டரம்மா சொல்லச் சொல்லுவாங்க. அவங்க படிச்சவங்க, அப்படித்தான் சொல்லுவாங்க. நம்மாளுகளுக்கு அதெல்லாம் தாங்காதுங்க. எம் பொண்டாட்டி உள்ள பதினொண்ணாம் நம்பர்ல இருக்கறா. வந்து பத்து வாரமாச்சு. இன்னைய தேதி வரைக்கும் அவளுக்கு ஒண்ணுந்தெரியாது. குடல்ல புண்ணு, ஆறுறதுக்கு நாளாகும்னு நெனச்சுக்கிட்டிருக்கறா. அப்படி வெச்சிருக்கறேன் நானு.

எம் பேரு சென்னியப்பனுங்க. முப்பத்தோரு வருசம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு. பிரைவேட் வண்டிக்கெல்லாம் விசிலடிச்சு எடுக்கச் சொல்றது நாந்தான். ஒரு வண்டி ரெண்டு நிமிசம் சேத்தி நின்னா, பின்னால வர்ற வண்டிக்காரன் சண்டைக்கு வந்துருவான். அதனால எது எப்ப வரணும், எது எப்ப போகணும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லைங்க. இங்கயும் அந்த வேலைதான் பாக்கறேன்.

எப்படீன்னு கேளுங்க. நோவு பாக்க வர்ற ஒறம்பரை, சொந்தக்காரங்கதான் மொத வில்லங்கம். சேந்தாப்ல பத்துப் பேரு வந்து கட்டலைச் சுத்தி நின்னாங்கன்னா, படுத்திருக்கறவளுக்குப் புரியாதா? அதனால ஒரு நாளைக்கு ஒருத்தருதான். ஞாயித்துக்கெழம ஒறம்பரை. புதங்கெழம அக்கம்பக்கத்து ஆளுக யாராச்சும். வர்றவங்களை இந்தக் கேட்டுலயே நிறுத்திப்போடுவேன். ஆப்பிள் ஆகாது, ஹார்லிக்ஸ் ஆகாது. பூ வாங்கிட்டு வரலாம், கல்யாணப் பத்திரிகை கொண்டாரலாம். எப்படி இருந்தவ இப்படி ஆயிட்டியேன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. அழுகை வந்துச்சுன்னா போன் வந்தாப்ல எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டு வெளிய வந்தரணும். என்ற சின்னம்மா ஒருத்தி, உள்ள போனதும் ஓன்னு ஆரம்பிச்சுட்டா. பஸ்ஸுக்கு நேரமாச்சு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். பாக்கறவங்க என்னை என்னன்னு நெனச்சிருப்பாங்களோ, போகட்டும்.

இன்னொண்ணுங்க தம்பி, இது உங்களுக்கு ஒதவும். மேல பாருங்க, அந்த பேனைப் பாருங்க. ரெக்கையில என்ன எழுதியிருக்குது? அமரர் இன்னார் நினைவாகன்னு. இங்க எல்லா பேன்லயும் அதுதான். கட்டலு, பீரோ, தண்ணி டேங்கு, நீங்க உக்காந்திருக்கற பெஞ்சு, எல்லாமே யாரோ ஒருத்தரு நினைவாகத்தான் வந்திருக்குது. எழுத்தில்லாத ரூமு ஒண்ணு வேணும்னு நான் தேடித் தேடிப் பாத்தேன். ஒண்ணுகூட இல்லை. கட்டல்ல இருந்ததைச் சொரண்டி எடுத்துட்டேன். பேனுக்கு ஏற முடியல. ஓடுறப்பத் தெரியாது, நின்னாத்தானே தெரியும்? அதனால கரண்ட் போச்சுன்னா ஓடிப்போயி விசிறியை எடுத்து, அவ மூஞ்சிக்கு மேல புடிச்சு வீசிக்கிட்டே நிப்பேன். கரண்ட் வர்ற வரைக்கும் நிப்பேன். கை வலிக்குமே மாமா, உக்காருங்கன்னுவா. அதெல்லாம் ஒண்ணும் வலிக்கலீன்னுவேன்.

கதவு சாத்துறது ஒண்ணு இருக்குதுங்க. யாராச்சும் போயிட்டாங்கன்னா, வெராண்டாவுல இருக்கற எல்லா ரூமுக் கதவையும் சாத்திட்டுத்தான் எடுத்துட்டுப் போவாங்க. மத்தவங்க பாக்கக் கூடாதுன்னு. மொதத் தடவை என்னங்க கதவைச் சாத்தறாங்கன்னு கேட்டா. கொசு மருந்து அடிக்கறாங்கன்னு சொன்னேன். நம்பிட்டா. அதுக்கப்பறம் கேக்கறதே இல்லை. இந்த வாரம் மூணு தடவை சாத்துனாங்க. இன்னைக்குக் காத்தாலகூட. ஒம்பதாம் நம்பரு. சக்கர வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் அவ கண்ணை மூடிக்கிட்டே இருந்தா. அப்பறம், இந்த வருசம் கொசு நெம்பத்தான் இருக்குதுங்கன்னா. ஆமா ஆமான்னேன்.

உங்கப்பாவுக்கு வலி எப்படிங்க? ம். எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம். வாயில துண்டைக் கடிச்சுக்குவாளுங்க எங்க துளசி. துளசிமணி, அதுதான் அவ பேரு. பக்கத்தூட்டுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு துண்டைக் கடிச்சுக்குவா. கோயமுத்தூருப் பெரிய டாக்டரு என்னைத் தனியாக் கூப்புட்டு, இனிமே மருந்து ஏத்துனா ஒடம்புதான் நோகும், நோவு போகாதுன்னாரு. அவருதான் இந்த எடத்தைச் சொன்னாரு. நான் ஒத்தையாளா வந்து பாத்தேன். நீங்க இப்ப வந்திருக்கற மாதிரியே. அந்த வேப்பமரத்தடியில நின்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன். உள்ள கூட்டியாந்தா திரும்பிக் கூட்டிட்டுப் போறதில்லீன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். கூட்டியாந்த அன்னைக்கு டாக்டரம்மா ஒரு டானிக்கு மாதிரி வாயில ஊத்துனாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தூங்குனவ பொழுதோட ஆறு மணிக்குத்தான் எந்திரிச்சா. மூணு மாசத்துல அவ அப்படித் தூங்கி நான் பாக்கலீங்க. பாத்துக்கிட்டே அழுதேன். அதனால எடத்தைப் பத்தி யோசிக்காதீங்க, கொண்டாந்து சேத்துருங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க, அவ்வளவுதான்.

அன்னைக்கு டாக்டரம்மா கேட்டாங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா, அவங்களுக்கும் சொல்றதுக்கு, செய்யறதுக்கு ஏதாச்சும் இருக்குமில்லைங்களான்னு. அவளுக்கு என்னங்க இருக்குது, எல்லாம் நாந்தான் பாத்துக்கறேன்னேன். இங்க இருக்கற ஜெபமணி சிஸ்டர்ல இருந்து கூட்டற அம்மா வரைக்கும் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டு வெச்சிருக்கறேன். அவளாக் கேட்டா பொய் சொல்ல மாட்டேனுங்க அய்யான்னு சிஸ்டரு சொன்னாங்க. அவ கேக்க மாட்டா, நீங்க கவலைப்படாதீங்கன்னேன். கேக்கவே இல்லையே.

ஒறம்பரைக பேசறதுதான் தாங்க முடியல தம்பி. பொண்டாட்டியைக் கொண்டுபோயித் தள்ளிவிட்டுட்டான்னு ஊர் பூராப் பேச்சு. அதுலயும் என்ற மச்சான் வையாபுரி இருக்கறாரே, துளசிக்குக் கூடப்பொறந்த அண்ணன், மொத வாரமே வந்தாரு. கேட்டுல போர்டைப் படிச்சாரு. இதோ இந்த எடத்துல நின்னுக்கிட்டு, என்ற தங்கச்சியைச் சாகறதுக்கா நீ கொண்டாந்து போட்டிருக்கறேன்னு கத்தறாரு. நான் ஓடிவந்து வாயைப் பொத்துனேன். அவரு என்னைத் தள்ளிவிட்டாரு. இனிமே இந்தக் கேட்டுக்குள்ள கால் வெக்காதீங்கன்னுட்டேன். அதோட செரி. பேச்சுவார்த்தை இல்லை. எங்கண்ணன் ஏன் வர்றதில்லீன்னு துளசி கேட்டா. தோப்புல மோட்டார் ரிப்பேரு, அலையறாருன்னேன். பத்து வாரமா ரிப்பேராகற மோட்டாரு. அதையும் நம்பிட்டா, பாவம்.

வெகுளின்னு நெனச்சுக்காதீங்க. வாய்த்துடுக்கு நெம்பவே உண்டு. ஏழு வருசம் முன்ன எங்கம்மா தவறிப்போனாங்க. பொறந்தவூட்டுக் கோடின்னு, அம்மாவோட கூடப்பொறந்த எங்க மாமன் ஒரு சேலை கொண்டாந்து அம்மா மேல போத்துனாரு. சாம்பக் கலரு. எங்கம்மாவுக்குச் சாம்பக் கலருன்னாலே ஆகாது. துளசி என்ற காதுகிட்ட வந்து, போறன்னைக்காச்சும் புடிச்ச கலரைக் கட்டிக்கிட்டுப் போகக் கூடாதா, எங்கண்ணன் எனக்கு இப்படி ஒண்ணை எடுத்தாந்தான்னா நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன்னா. எழவு வூட்டுல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எல்லாரும் பாக்கறாங்க. அப்படி ஒரு ஆளுங்க அவ.

சேலைன்னா அவளுக்கு உசுரு. ஒரு கடையில மூணு மணி நேரம் பாப்பா. நான் வெளிய நின்னுக்கிட்டிருப்பேன். எடுத்துட்டு வந்து, மாமா, நல்லாருக்குதான்னு விரிச்சுக் காட்டுவா. நான் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னுவேன். முப்பத்திரண்டு வருசம் அதே பதில்தான். நீங்க பாக்கவே இல்லைன்னுவா. பாத்துட்டேன் பாத்துட்டேன்னுவேன்.

எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், அவளுக்கு ஒண்ணுந்தெரியாதுங்கறதுக்குச் சாட்சி வேணுமா உங்களுக்கு? கேளுங்க. மூணு வாரம் முன்ன, எங்கண்ணனுக்குப் போன் போட்டுக் குடுங்கன்னா. எதுக்குன்னேன். தீபாவளிக்குச் சேலை கேக்கணும்னா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? சாகப்போறம்னு தெரிஞ்ச பொம்பளை தீபாவளிக்குச் சேலை கேப்பாளா? நானே நம்பரைப் போட்டுக் குடுத்தேன். அண்ணா, ஆடித் தள்ளுபடி போட்டிருப்பாங்க, போயி எடுத்துரு, நல்ல அரக்குக் கலரு, பச்சைக் கரை, சாம்பக் கலரு மட்டும் தூக்கிட்டு வந்தராதேன்னா. அக்கட்ட மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. என்னாச்சுன்னேன். அண்ணனுக்குச் சளி புடிச்சிருக்குதாமான்னா. ஆடிக் காத்துக்கு எல்லாருக்கும் சளிதான்.

அன்னையிலிருந்து ஆளே தெளிவாயிட்டாளுங்க. எனக்குச் சமையல் சொல்லித்தர்றா. ரசத்துக்குப் புளி எவ்வளவு, பருப்பு எத்தனை விசில், கேஸ் புக்கு எங்க இருக்குது, தண்ணி மோட்டாரு எப்பப் போடணும், எல்லாம் நோட்டுல எழுதச் சொல்றா. எழுதறேன். ஊட்டுக்கு வந்தாலும் இவ அடுப்படிப் பக்கம் வரமாட்டா போலிருக்குது, என்னைப் பழக்கி வெக்கறா, கள்ளி. போன வாரம் நானே வெச்ச ரசத்தை டிபன்ல கொண்டாந்தேன். ஒரு கரண்டிதான் எறங்குச்சு. புளி செரியா இருக்குது, இனிமே நீங்க பொழச்சுக்குவீங்கன்னா.

ஒரே ஒரு விசயந்தான் எனக்கு உறுத்தலா இருக்குது. எங்களுக்கு ஒரே பொண்ணு, மைதிலி. புனாவுல கட்டிக் குடுத்திருக்கறோம். மொதப் பிரசவம் நம்மூட்டுல பாக்கணும், துளசிக்கு முடியாததனால அங்கயே பாத்துக்கிட்டாங்க. பையன், நாலு மாசமாச்சு. துளசி இன்னும் பேரனைக் கையில வாங்கல. மைதிலி தெனமும் போன்ல, வரட்டுமாப்பா வரட்டுமாப்பாங்கறா. அவகிட்டயும் அல்சருன்னுதான் சொல்லியிருக்கறேன். பச்சைக் கொழந்தையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்தா தொத்திக்கும், ஆவணியில வான்னுட்டேன். வேற என்னங்க பண்றது? அவ பொசுக்குன்னு வந்து நின்னா, எதுக்கு இத்தனை தொலைவு வந்தான்னு இவ யோசிக்க மாட்டாளா? டாக்டரம்மாகிட்ட ஆவணின்னேன். ஆவணி வரைக்கும் போகும்னு நான் சொல்ல மாட்டேனுங்கன்னாங்க. போகும். போகணும். எத்தனை வண்டியை நான் நிறுத்தி வெச்சிருக்கறேன்.

இன்னைக்கு எதுக்கு வெள்ளைச் சட்டைன்னு பாக்கறீங்களா? அவ போடச் சொன்னா. காத்தால எந்திரிச்சதும், சவரம் பண்ணிக்கங்க, வெள்ளைச் சட்டையைப் போடுங்கன்னா. சிஸ்டரைக் கூப்புட்டுத் தலை வாரச் சொல்லி, பூ வெச்சுக்கிட்டா. மூணு மணிக்கு, மாமா, போயி டீ குடிச்சுட்டு வெளிய உக்காந்திருங்க, நான் கூப்புடறப்ப வந்தாப் போதும்னா. தெனமும் மூணு மணிக்கு அனுப்பிருவா. எனக்கு ரெஸ்ட் வேணுமில்ல, அதுக்குத்தான். அந்த நேரத்துல சிஸ்டரு போயி உக்காந்துக்குவாங்க. ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு என்னதான் பேசுவாங்களோ.

நெசத்தைச் சொன்னா எனக்கும் வெளிய வந்தாத்தான் மூச்சு வருது தம்பி. உள்ள உக்காந்தா அவ என்னையே பாத்துக்கிட்டிருப்பா. ஏதோ கேக்கப்போற மாதிரியே இருக்கும். நான் உடனே எந்திரிச்சு, தண்ணி புடிச்சுட்டு வர்றேன், மாத்திரை வாங்கிட்டு வர்றேன்னு வந்துருவேன்.

என்னங்க இது, வாட்ச்மேனு கேட்டு ரெண்டு கதவையும் தொறக்கறாரு? ஒரு கதவுதானே தொறக்கறது. காரு வருது. புதுசா யாரையோ சேக்கறதுக்குப் போலிருக்குது. கோயமுத்தூரு ஏர்போர்ட்டு டாக்சி.

அது என்ற மச்சானுங்க.

தம்பி, சித்தெ எந்திரிங்க. எங்கூட வாங்க. அவரை உள்ள விடக் கூடாது. நீங்க அந்தக் கதவைப் புடிங்க, நான் இதை. இருங்க. இருங்க. பின்னால எறங்கறது யாரு? மைதிலி. ஐயோ சாமி, கொழந்தையோட வந்திருக்கறா. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தாச்சுன்னா அவ கண்டுபுடிச்சுருவா. எல்லாம் போச்சு. யாரு வரச்சொன்னது உங்களை? மைதிலி, நில்லு கண்ணு. ஆவணியிலதானே வரச்சொன்னேன். அப்பா சொல்றதைக் கேளு, உள்ள போகாதே.

நிக்காமப் போறா. அழுதுக்கிட்டே போறா. அழுதுட்டு உள்ள போகக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லுங்க. போனைக் காதுல வெச்சுக்கச் சொல்லுங்க.

சிஸ்டர், நீங்களா வரச்சொன்னீங்க? நான் உங்ககிட்ட எத்தனை தடவை கெஞ்சியிருக்கறேன். என்ன? அவளா? அவளே போன் பண்ணுனாளா?

எப்ப கேட்டா? வந்த ரெண்டாம் நாளா?

தம்பி, கையைக் குடுங்க. சித்தெ உக்காந்துக்கறேன். ஒண்ணுமில்லை, வெய்யலு.

வந்த ரெண்டாம் நாளே சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டாளாமாங்க. எத்தனை நாளுன்னுகூடக் கேட்டாளாமா. எல்லாங் கேட்டுட்டு, எங்க வூட்டுக்காரருக்கு நான் தெரிஞ்சுக்கிட்டது தெரிய வேண்டாம், அவரு தாங்க மாட்டாரு, அவரு சொல்ற பொய்யை அவரு சொல்லிக்கட்டும்னாளாமா. பத்து வாரம். பத்து வாரமா நான் விசிறியைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கறேன், அவ அதைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கறா. இத்தனை நாளும் உக்காந்து பேசியிருக்கலாம். முப்பத்திரண்டு வருசத்துப் பேச்சு இருந்துச்சுங்க.

மச்சான் என்ற முன்னாலதான் நின்னாரு, பாத்தீங்களா? அவரு ஒண்ணுமே கத்தலை. தோள்ல கையை வெச்சுட்டுப் போனாரு. கையில ஜவுளிக்கடைப் பை. மேலாப்புல கரை தெரிஞ்சுது. பச்சைக் கரை. அரக்குக் கலரு.

ஏனுங்க தம்பி, தீபாவளி ஐப்பசியிலதானே வருது? பொறந்தவூட்டுச் சேலை ஆடியிலயே வந்துருச்சுங்களே.

உங்கப்பாவைப் பத்தி நான் முன்ன சொன்னதெல்லாம் விட்டுருங்க. நான் சொன்னேன்னு எதையும் வெச்சுக்காதீங்க.

வர்றேன் சிஸ்டர். வர்றேன். என்னவாமா? கூப்புடறாளா? சேலையைப் பிரிச்சு மேல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறாளாமா தம்பி. நல்லாருக்குதான்னு நான் வந்து சொல்லணுமாமா. இந்த ஒரு தடவையாச்சும் பாத்துட்டுச் சொல்லணுமாமா.